பலகையில் 5 பங்கு. எழுத்தில் எத்தனை பங்கு?

தமிழுக்கு இடம் கேட்பது ஒரு போராட்டம். கிடைத்த இடத்தில் தமிழைத் தலைநிமிர்ந்து நிற்கச் செய்வது மற்றொரு போராட்டம். முன்னது இன்னும் முடிந்தபாடில்லை. பின்னதோ தொடங்கப்படவே இல்லை. பெயர்ப்பலகையில் தமிழ் உண்டா என்று கேட்கப் பழகிய நாம், அத்தமிழ் எவ்வகை எழுத்தில், எத்துணைத் தடிப்பில், எவ்வளவு தெளிவில் நிற்கின்றது என்று கேட்கப் பழகவில்லை. எழுத்தின் வடிவம் அச்சுக் கோப்பவன் கவலை, ஓவியன் கவலை என்று ஒதுக்கிவிட்டோம். மொழிக்கு உடல் எழுத்து. உடல் நலிந்தபின் உயிர் எங்ஙனம் ஒளிரும்?

இதனை ஆராய்தற்கு ஏற்ற களம் திருவள்ளூர் மாவட்டம். சென்னையினின்று கொல்கத்தாப் பெருஞ்சாலையில் வடக்கு நோக்கிச் செல்வார்க்குத் தமிழகம் காட்டும் கடைசிப் பெருந்தொழிற்களம் கும்மிடிப்பூண்டி. ஆரம்பாக்கம் கடந்தால் ஆந்திரம். 1971-ஆம் ஆண்டில் அரசு தோற்றுவித்த சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டை கும்மிடிப்பூண்டியில் இருக்கின்றது. பின்னர்த் தேர்வாய்க்கண்டிகையில் இன்னொன்று எழுந்தது. திருவள்ளூர் நகரை ஒட்டிக் காக்களூரிலும் ஒரு தொழிற்பேட்டை உண்டு. இரும்பை உருக்கும் உலைகளும் முறுக்குக்கம்பி உருட்டும் ஆலைகளும் நிறைந்த இம்மண்ணில், அக்கம்பக்கத்து ஊர்த்தமிழர், தெலுங்கு பேசுவோர், வடமாநிலங்களினின்று பிழைக்க வந்தோர், ஈழத்தினின்று ஏதிலியராய் வந்து கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் நம் உடன்பிறப்புகள் எனப் பலரும் கலந்து வாழ்கின்றனர்.

இது எல்லை மண் என்பதை மறத்தலாகாது. இம்மாவட்டத்துத் திருத்தணி, ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளன்று நம்மோடு இணைந்தது. நிலத்தின் எல்லையைக் கல் காட்டும். மொழியின் எல்லையைப் பலகை காட்டும். 1953-இல் தொடர்வண்டி நிலையத்துப் பலகையில் இருந்த 'தால்மியாபுரம்' என்னும் பெயரை மறைத்துக் 'கல்லக்குடி' என்று ஒட்டுவதற்காகத் தமிழர் சிறை சென்றனரே, அது வெறும் பலகைக்காகவா?

அளவு கொடுத்த சட்டம் வலிவு கொடுக்கவில்லை

தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் பற்றிய விதிகளும் தொழிற்சாலை விதிகளும், பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும், பிறமொழி சேருமாயின் தமிழே முதன்மையாய் நிற்றல் வேண்டும் என்று வகுத்தன. தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்திற்கு 3 பங்கு, பிறமொழிக்கு 2 பங்கு என்னும் அளவும் அரசாணையால் வந்தது. நல்ல விதிதான். ஆயினும் அவ்விதி அளப்பது இடத்தை. எழுத்தின் வலிவை அன்று.

'கும்மிடிப்பூண்டி' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'கு' கீழே இறங்குகின்றது. 'ம்' தலைமேல் புள்ளி சுமக்கின்றது. 'மி' மேலே வளைகின்றது. 'டி', 'ப்' மேலே, 'பூ' கீழே, 'ண்', 'டி' மீண்டும் மேலே. இச்சொல்லில் மேலோ கீழோ நீளாத எழுத்து ஒன்றுகூட இல்லை. எனவே தமிழ் வரி மூன்று தளம் உடையது: மேல்தளம், நடுத்தளம், கீழ்த்தளம். எழுத்தின் உடல் நடுத்தளத்தில்தான் நிற்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளோ ஒற்றைத் தளத்தின. கொடுத்த உயரம் முழுதும் உடலே.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 பங்கு உயரத்தில் தமிழை எழுதி, நடுவுடல் அதில் பாதியாகச் சுருங்கினால் எஞ்சுவது 2½ பங்கு. 3 பங்கு உயரத்தில் நிற்கும் ஆங்கிலம் 3 பங்கும் உடலாகவே நிற்கும். சட்டப்படி தமிழ் பெரியது. கண்படி ஆங்கிலம் பெரியது! இதன்மேல், தமிழை மெல்லிய ஏட்டெழுத்தில் எழுதி, ஆங்கிலத்தைத் தடித்த கொட்டை எழுத்தில் நிறுத்திவிட்டால், தொலைவினின்று வருவோன் கண்ணில் முதலில் படுவது எது? அளவுகோல் கொண்டு வரும் அலுவலர் குறை காணமாட்டார். சாலையில் செல்லும் தமிழன் தமிழைக் காணமாட்டான்.

அயர்லாந்து நாட்டுச் சாலைப் பலகைகளில் ஐரிய மொழியே மேலே நிற்கின்றது, ஆங்கிலம் கீழேதான். ஆனால் ஐரியம் சாய்ந்த எழுத்திலும், ஆங்கிலம் நிமிர்ந்த பெரிய எழுத்திலும் எழுதப்படுகின்றன. முதலிடம் ஒன்றுக்கு, முதன்மை இன்னொன்றுக்கு. விடுதலை பெற்ற நாட்டிலேயே தாய்மொழிக்கு இந்நிலை என்றால், நாம் எத்துணை விழிப்பாய் இருத்தல் வேண்டும்!

கொட்டை எழுத்தின் வரலாறு

முனைகளில் ஒட்டுக்கோடு இல்லாமல், ஒரே தடிப்பில், நேர்கோடும் வட்டமுமாக அமைந்த உரோம எழுத்தை இன்று உலகெங்கும் ஆலை வாயில்களிலும் பொறிகளிலும் பெட்டிகளிலும் காண்கின்றோம். ஒட்டுக்கோடற்ற அச்செழுத்தை இலண்டன் வார்ப்பாளரான நான்காம் வில்லியம் காசுலன் 1816-இல் வெளிப்படுத்தினார். எட்வர்டு சான்சுடன் 1916-இல் இலண்டன் நிலத்தடித் தொடர்வண்டிக்கென்றே தெளிந்த ஓர் எழுத்தை வரைந்தார். செருமானியர் பால் இரென்னர் 1927-இல் 'பியூச்சுரா' என்னும் எழுத்தைத் தந்தார். வட்டம், முக்கோணம், நேர்கோடு ஆகிய வடிவக் கணக்கின் அடிப்படையில் எழுந்தது அது. 1969-இல் நிலவில் இறங்கிய அமெரிக்கர் அங்கே விட்டுவந்த தகடு அவ்வெழுத்தில் பொறிக்கப்பட்டதே.

இவ்வெழுத்து ஏன் பரவியது? தகட்டில் வெட்டலாம், இரும்பில் வளைக்கலாம், அச்சுப்பலகையின் துளை வழியே மை பூசலாம், விரைந்து செல்லும் வண்டியினின்று ஒரு நொடியில் படிக்கலாம். தொழில் உலகம் தனக்கு வேண்டிய எழுத்தைத் தானே ஆக்கிக்கொண்டது.

இங்கே நாம் கற்கவேண்டுவன இரண்டு. ஒன்று, அவ்வெழுத்தின் எளிமை கண்ணுக்குத் தோன்றும் எளிமையே. வட்டமாகத் தோன்றுவது முழுவட்டம் அன்று. ஒரே தடிப்பாகத் தோன்றும் கோடு ஒரே தடிப்பு அன்று. வளைவு தண்டோடு சேரும் இடத்தில் இரென்னர் கோட்டை மெலிவித்தார். இல்லையேல் அவ்விடம் கறுத்துத் தோன்றும். மற்றொன்று, எதிர்காலம் என்று பொருள்படும் பெயர் சூட்டிய அவ்வெழுத்தின் பெரிய வடிவங்களுக்கு அவர் அளவு எடுத்தது பழைய உரோமக் கல்லெழுத்துகளில். மிகப் புதியதைப் படைக்கச் சென்றவன் தன் முன்னோரின் மிகப் பழைய கல்லைத் தேடிப் போனான். நாம் எந்தக் கல்லைத் தேடிப் போனோம்?

நம் கல்லில் இருந்த வடிவம்

முனைக்கோடற்ற ஒரே தடிப்பு எழுத்து மேனாட்டார் நமக்குக் கற்றுத் தரவேண்டியது அன்று. மதுரையை அடுத்த மாங்குளத்துப் பாறையிலும் கரூரை அடுத்த புகழூர்ப் பாறையிலும் தமிழி எழுத்துகள் இருக்கின்றன. 'க' என்பது ஒன்றையொன்று வெட்டும் இரு கோடுகள். 'ந' என்பது படுக்கைக் கோட்டின்மேல் நிறுத்திய ஒரு நிமிர்கோடு. 'வ' என்பது வட்டத்தின் தலையில் நட்ட தண்டு. உளி ஒரே தடிப்பில் வெட்டிற்று. மலையின் உயரத்திலும் அவை தெளிவாய் நின்றன. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே வடிவக் கணக்கில் எழுதிய இனம் நம் இனம்.

திருவள்ளூர் மாவட்டத்திற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இம்மண்ணில் கிடைத்தவை. 31 ஏடுகளில் 10 சமற்கிருதம், 21 தமிழ். உலோகத்தில் தமிழ் எழுத்தை வெட்டும் கைத்திறன் இப்பகுதிக்குப் புதிதன்று என்பதற்கு அவ்வேடுகளே சான்று. அதே மண்ணில் இன்று உருக்கிரும்பு ஆலையின் வாயிலில் தமிழ் எழுத்து ஏன் ஆங்கிலத்தின் நிழல்போல் நிற்கவேண்டும்?

கரணியம் உண்டு. நம் எழுத்தை ஈயத்தில் வார்க்கத் தொடங்கியவர் நாம் அல்லோம். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிய எழுத்துகளைப் போர்த்துகீசியப் பாதிரிமார் வார்ப்பித்தனர். தரங்கம்பாடிக்கு எழுத்துகள் செருமனியின் ஆல்லே நகரினின்று வந்தன. அவை பெரியனவாக இருந்தமையால் சிறிய எழுத்துகள் பொறையாற்றில் வார்க்கப்பட்டன. அவர்கள் தொண்டை நாம் மறுக்கவில்லை, நன்றியோடு நினைக்கின்றோம். ஆயினும் அவ்வெழுத்தெல்லாம் நூல் படிப்பதற்கென அமைந்தவை. ஆலைக்கும் சாலைக்கும் உரிய எழுத்தை நாமே படைத்திருக்க வேண்டும்.

படைக்காமலும் இல்லை. படைத்தவர்கள் பெயர் இல்லாதவர்கள். ஊர்தோறும் இருந்த பலகை ஓவியர்கள் சுண்ணம் தோய்ந்த நூலை இழுத்துத் தெறித்து வரி போட்டு, பட்டைத் தூரிகையால் நேர்கோடும் வளைவுமாகக் கட்டெழுத்து எழுதினார்கள். எந்த எழுத்துக்கு அகலம் கூட்டவேண்டும், எதற்குக் குறைக்கவேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது. நெகிழிப் பதாகை வந்து அத்தொழிலை வீழ்த்தியது. அவர்கள் அறிவு எந்த ஏட்டிலும் எழுதப்படாமலே மறைந்துகொண்டிருக்கின்றது.

தடித்தால் மட்டும் போதுமா?

கணிப்பொறியில் ஓர் எழுத்துருவுக்குத் தடித்த வடிவம் இல்லையென்றால், பொறி தானாகவே கோட்டைச் சுற்றிலும் ஊதிப் பெருக்கிக் காட்டும். அது வீக்கம், வலிவு அன்று. உரோம எழுத்து ஓரளவு வீக்கத்தைத் தாங்கும். தமிழ் தாங்காது. 'ஞ', 'ண', 'இ', 'ஐ' ஆகியவற்றின் உள்வெளிகள் அடைபட்டுக் கரும்புள்ளியாகும்.

வீக்கத்தால் வரும் கேடு அழகுக்கேடு மட்டும் அன்று, பொருட்கேடும் ஆகும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒரு சிறு சுழியால் வேறுபடுவன. சுழி அடைபட்டால் 'தொழிற்பேட்டை' 'தொழிற்பெட்டை' ஆகின்றது! சிரிப்பதற்கன்று, சிந்திப்பதற்குச் சொல்கின்றோம். 'ஏரி'க்கும் 'எரி'க்கும் இடையே நிற்பது அடியில் ஒரு சிறு கோடு. பூண்டியும் சோழவரமும் கொண்ட ஏரி நாட்டில், எரிபொருள் கிடங்குகளும் மிகுந்த தொழில் மண்ணில், அச்சிறு கோட்டின் மதிப்பை எடுத்துரைக்கவும் வேண்டுமோ? 'ர'வின் அடிக்காலை நேர்மையின் பெயரால் வெட்டிவிட்டால் அது துணைக்காலாகிவிடும். நெடிலைக் காட்ட வீரமாமுனிவர் வகுத்த வேறுபாட்டையும், மெய்யைக் காட்டத் தொல்காப்பியர் சொன்ன புள்ளியையும் ஒரு மட்டமான எழுத்துரு ஒரு நொடியில் அழித்துவிடுகின்றது.

எனவே தமிழுக்குரிய வடிவக்கணக்கு எழுத்து தமிழின் இலக்கணத்தினின்றே எழவேண்டும். 'ட' ஒரு நேர்கோணம். 'ப' மேலே திறந்த பெட்டி. 'ம', 'ய', 'ங' அவற்றின் உறவு. 'வ', 'ல', 'ள', 'ன', 'ண' வட்டத்தின் பிள்ளைகள். நேர்கோடும் வட்டமும் இயல்பாகவே கலந்த எழுத்து நம்முடையது. ஆயினும் 'ட'வையும் 'ண'வையும் ஒரே அகலப் பெட்டியில் அடைத்தால் முன்னது வெறுமையாகும். பின்னது மூச்சுத் திணறும். புள்ளி கோட்டின் தடிப்புக்குக் குறையாத முழுவட்டமாய், உடலினின்று விலகி நிற்றல் வேண்டும். சுழிகள் எத்துணைத் தடிப்பிலும் திறந்திருத்தல் வேண்டும். 1978-இல் அரசு ஏற்றுக்கொண்ட பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தால் 'னா', 'ணா', 'றா', 'லை', 'னை' முதலியவற்றின் தொங்கும் வளைவுகள் நேரானமை இவ்வகை எழுத்துக்குப் பெருந்துணை.

இத்துறையில் பணியே நடக்கவில்லை என்று சொல்லமாட்டோம். மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் வடித்த எழுத்துகள் ஆப்பிள் கருவிகளில் வழங்குகின்றன. பிரியா இரவிச்சந்திரன் வடித்த எழுத்துரு ஒன்று 9 தடிப்புகளில் இலவயமாகக் கிடைக்கின்றது. அதன் பெயர் 'கட்டமரான்'. நம் கட்டுமரம் ஆங்கிலம் போய்த் திரும்பி வந்த பெயர்! 2022-இல் வெளிவந்த 'அநேக்' குடும்பத்தில் 9 இந்திய எழுத்துமுறைகளுள் தமிழும் உண்டு. ஆனால் இந்தியாவில் ஆக்கப்பெற்று உலகெங்கும் பரவிய 'பாப்பின்சு' என்னும் வடிவக்கணக்கு எழுத்துருவோ உரோமத்துக்கும் நாகரிக்கும் மட்டுமே அமைந்தது. ஆங்கிலத்தை அதில் எழுதும் நிறுவனம் தமிழுக்கு எங்கோ கிடைத்த பொருந்தா எழுத்தை ஒட்டவைக்கின்றது. நாகரிக்கு நேர்ந்து தைத்த சட்டை. தமிழுக்கு இரவல் சட்டை. இந்நிலைக்குத் தில்லியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தமிழெழுத்தைத் தைக்கவேண்டிய கை தமிழன் கை.

ஆலைக்குள்ளே

வாயிற்பலகை பெருமையைப் பற்றியது. உள்ளே இருக்கும் எச்சரிக்கைப் பலகை உயிரைப் பற்றியது. தொழிற்சாலையில் வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும், வாயிலை ஒட்டிக் கண்ணில்படும் இடத்தில், படிக்கும்படித் தூய்மையாய் இருத்தல் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 'படிக்கும்படி' என்னும் அச்சொல்லே எழுத்துருவின் சட்டம். உலையின் புகையில், மங்கிய ஒளியில், இரவுமுறை வேலையின் களைப்பில், பத்தடி தொலைவினின்று படிக்க இயலாத எழுத்து எழுதப்படாத எழுத்தே.

பிறமாநிலத் தொழிலாளர்க்கு அவர் அறிந்த மொழியில் எச்சரிக்கை வேண்டா என்று நாம் சொல்லவில்லை. உயிர் எவருடையதாயினும் உயிரே. ஆனால் அதனைச் சாக்கிட்டுத் தமிழை இறக்கி இந்தியை ஏற்றுவது எச்சரிக்கை அன்று. ஆக்கம் தேடும் ஆதிக்கம். சிங்கப்பூரில் கட்டுமானக் களத்து இடர்ப்பலகைகளில் தமிழும் சீனமும் மலாயும் ஆங்கிலமும் ஒருங்கே நிற்கக் காண்கின்றோம். அங்கே இயலுவது தமிழ்நாட்டின் கும்மிடிப்பூண்டியில் இயலாதா?

சொல்லும் எழுத்தும்

எழுத்து தமிழாயிருந்து சொல் அயலாயிருப்பின் அதுவும் குறையே. 'இண்டசுட்ரீசு பிரைவேட் லிமிடெட்' என்று தமிழ் எழுத்தில் எழுதி 5 பங்கு கொடுத்தோம் என்பது ஏமாற்று. அச்சொற்றொடர் நீண்டு நீண்டு எழுத்தை நெருக்குகின்றது. கிரந்த எழுத்துகளைக் கூட்டி வந்து பலகையைக் கெடுக்கின்றது. 'தொழிலகம்', 'ஆலை', 'வார்ப்பகம்' என்று எழுதிப் பாருங்கள். சொல் சுருங்கும், எழுத்து விரியும், தடிப்புக்கு இடம் கிடைக்கும். 'அபாயம்' என்பதை 'இடர்' என்றால் 4 எழுத்து 3 ஆகும். 'நில்' என்னும் 2 எழுத்தைவிட வலிய ஆணை எம்மொழியில் உண்டு? தூய தமிழ் பலகைக்கும் சிக்கனம், கண்ணுக்கும் எளிது.

செய்யவேண்டுவன

1. 5:3:2 என்னும் விதியில் உயரத்தை அளக்கும்போது தமிழின் நடுவுடலையே அளத்தல் வேண்டும்; கோட்டின் தடிப்பும் ஆங்கிலத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

2. ஒருங்குறி எழுத்துருக்களை இலவயமாக வழங்கிவரும் தமிழ் இணையக் கல்விக்கழகம், சாலைக்கும் ஆலைக்கும் என்றே ஒரு கொட்டை எழுத்துருவை அறிஞரையும் பலகை ஓவியரையும் கூட்டிவைத்து ஆக்குவித்தல் வேண்டும். ஆங்கிலேயர் தம் விரைவுச் சாலைகளுக்கென ஒரு தனி எழுத்தை வரைவித்துக்கொண்டனர் அல்லரோ?

3. சிப்காட் தன் தொழிற்பேட்டைகளின் வழிகாட்டிப் பலகைகளை அவ்வெழுத்தில் முதலில் எழுதிக் காட்டுதல் வேண்டும். எல்லையில் இருக்கும் கும்மிடிப்பூண்டியே தொடக்கமாகட்டும்.

4. முதலில் தமிழை வரைந்து, அதற்கு இணையாக ஆங்கிலத்தை அமைக்கும் வழக்கம் வரவேண்டும்.

5. அன்பர்கள் தத்தம் ஊர்ப் பலகைகளைப் பார்த்து, பிழைபட்ட கொம்பையும் தொலைந்த புள்ளியையும் உரியவர்க்குப் பணிவோடும் உறுதியோடும் எழுதுதல் வேண்டும். பழைய ஓவியர் எழுதிய நல்ல பலகை கண்டால் படம் எடுத்துக் காத்தல் வேண்டும்.

பெயர்ப்பலகையில் தமிழ் வேண்டும் என்று கேட்டோம், தந்தார்கள். இனி, வலிய தமிழ் வேண்டும் என்று கேட்போம். கேட்பதோடு நில்லாமல் நாமே வரைவோம். கல்லில் வெட்டிய கை, செம்பில் பொறித்த கை, இரும்பில் வார்க்கத் தயங்குவது ஏன்? பிறர் எழுத்தின் நிழலில் ஒடுங்கி நிற்பதற்காக அன்று, பலகையில் 5 பங்கு கேட்டது. தமிழ் எழுத்து தன் உடலின் அளவில், தன் வலிவில், தன் புள்ளியும் சுழியும் பிழையாமல் நிமிர்ந்து நிற்கட்டும். வடவெல்லையில் நுழைவோன் இது தமிழ்நாடு என்பதைத் தொலைவிலேயே படித்தறியட்டும்!